கிரேட்டர் லேக்: அந்த நீலத்தை முழுசாகப் பார்க்க எந்த மாதம், எந்த நேரம், எங்கே நிற்பது

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் உச்சியில் இருக்கிறது கிரேட்டர் லேக். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியின் விளிம்பிலுள்ள ரிம் வில்லேஜில் காரை நிறுத்தி, சுவரோரம் நின்று பத்துப் படம் எடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது ஏரியின் ஒரு முகம் மட்டுமே. இந்த நீரின் நிறம் நீங்கள் நிற்கும் உயரத்தையும், சூரியன் இருக்கும் திசையையும், காற்றையும் பொறுத்து மணிக்கு மணி மாறும். ஒரே ஏரி விடியலில் கண்ணாடியாகவும், நண்பகலில் மைக்கூடாகவும், மாலையில் ஈயத்தகடாகவும் இருக்கும். எனவே முழுசாக ஒரு பகல் ஒதுக்குங்கள். முடிந்தால் ஓர் இரவும் அங்கேயே தங்குங்கள்.

எதைப் பார்க்கப் போகிறோம்

பெயரில் ‘கிரேட்டர்’ இருந்தாலும் இது சாதாரண எரிமலை வாய் அல்ல, கால்டெரா; அதாவது எரிமலையின் உச்சி உள்ளே சரிந்து உண்டான பெரும்பள்ளம். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே மசாமா என்ற மலை நின்றது. உயரம் ஏறத்தாழ 3,700 மீட்டர். அது வெடித்தபோது அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்தது. தாங்க ஆளில்லாத கூரைபோல மலையுச்சி உள்ளே சரிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் நூற்றாண்டுக் கணக்கில் மழையும் பனியும் சேர்ந்து உருவானதுதான் ஏரி. 8 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் பரப்பு, 592 மீட்டர் ஆழம். அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி இதுதான்.

ஆறு எதுவும் இதில் வந்து விழுவதில்லை. இதிலிருந்து ஆறு எதுவும் கிளம்புவதும் இல்லை. பெய்வதும், ஆவியாவதும் கசிவதும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் நீர்மட்டம் பெரிதாக மாறாது. ஆறு வராததால் சேறு வராது, உரக்கழிவு வராது, பாசி வளரத் தீனியும் குறைவு. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால், சராசரியாக 30 மீட்டர் ஆழம்வரை அது கண்ணுக்குத் தெரியும்.

நிறத்துக்குக் காரணமும் இதுவே. வெயிலில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களைத் தண்ணீர் ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம்வரை போய், நீர் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறித் திரும்பி வரும். துகள் கலந்த நீரில் இந்தத் திரும்பி வரும் நீலம் கலங்கிப்போகும், இங்கே கலங்குவதில்லை. வானம் பிரதிபலிப்பதால் வரும் நீலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வானத்தின் பிரதிபலிப்புதான் இந்த நீலத்தை மறைக்கும் திரை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே, எப்போது நிற்க வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும்.

எந்த மாதம்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை. ஏரியைச் சுற்றும் ரிம் டிரைவ் சாலை 53 கிலோமீட்டர், அதாவது 33 மைல். அங்கே பலகைகள் எல்லாம் மைலிலும் அடியிலும்தான் இருக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் பனி கொட்டும் இடம் இது. மேற்குப் பாதி சாலை பெரும்பாலும் ஜூனில் திறக்கும். கிழக்குப் பாதியில் பனி அகற்றி முடிக்க ஜூலை ஆகிவிடும். மே மாதம் வந்து “பாதி ஏரிதான் பார்த்தோம்” என்று ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய.

கோடைக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஜூலையில் ஏரிச்சுவரில் பனித்திட்டுகள் மிஞ்சியிருக்கும். நீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை நிற்கும்போது அந்த நீலம் இன்னும் அடர்ந்து தெரியும். காட்டுப்பூக்களும் ஜூலை பிற்பகுதியில்தான். ஆனால் கொசுத் தொல்லையும் அப்போதுதான். கொசு விரட்டியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் கார் கதவைத் திறக்க மனம் வராது. ஆகஸ்டில் கொசு குறையும், காட்டுத்தீப் புகை கூடும். புகை மோசமான நாளில் எதிர்க்கரையே தெரியாது. எங்களைக் கேட்டால் ஜூலை மூன்றாம் வாரத்தையே சொல்வோம். கூட்டம் பிடிக்காதவர்கள் செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வரலாம். புகை இருக்காது என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.

கிளம்புவதற்கு முன்

அன்று காலை முதல் வேலை, பூங்கா இணையதளத்தில் ஏரியைக் காட்டும் நேரலைக் கேமராவைப் பார்ப்பது. மூடுபனியும் தாழ்ந்த மேகமும் ஏரிக்கிண்ணத்தை நிரப்பிவிட்டால், விளிம்பில் நின்றாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதே பக்கத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற தகவலும் இருக்கும். இதைப் பார்க்காமல் கைப்பேசி வழிகாட்டியை மட்டும் நம்பினால் வட வாசல் வழியாக அனுப்பிவிடும். அந்த வாசல் நவம்பர் தொடக்கத்திலிருந்து அநேகமாக மே, ஜூன்வரை பனியில் மூடிக் கிடக்கும். மூடிய கதவுக்கு முன் நின்று தெற்கே சுற்றி வருவதற்குள் அரை நாள் போய்விடும். ஆண்டு முழுக்கத் திறந்திருக்க முயல்வது 62ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து வரும் தெற்கு, மேற்கு வாசல்களின் பாதைதான்.

மெட்ஃபோர்டிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், கிளமத் ஃபால்ஸிலிருந்து சுமார் 100. கார் இல்லாமல் வருவது கடினம். பெட்ரோலைக் கடைசி ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். மலைமேல் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். பூங்காவுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

தங்குவதற்கு விளிம்பிலேயே இருப்பது 1915இல் திறக்கப்பட்ட கிரேட்டர் லேக் லாட்ஜ். அறைகள் 71 மட்டுமே. கோடைக்குப் பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். அது கிடைக்காவிட்டால் 11 கிலோமீட்டர் கீழே மசாமா முகாம் இருக்கிறது. ஜூலையிலும் இரவு 5 டிகிரிக்கு இறங்கும். பகல் வெயிலைப் பார்த்துவிட்டு மெல்லிய போர்வையோடு வருகிறவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை.

ரிம் வில்லேஜின் உயரம் சுமார் 2,165 மீட்டர். கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். கடற்கரை ஊரிலிருந்து நேராக ஏறி வந்தால் முதல் நாள் படியேறும்போது மூச்சு வாங்கும், தலை லேசாக வலிக்கும். காற்று வறட்சியானது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும்.

விடியல்: விளிம்பில், காற்று எழும் முன்

சூரியன் உதிக்கும் முன்பே ரிம் வில்லேஜுக்கு வந்துவிடுங்கள். லாட்ஜின் பின்பக்கத்திலிருந்து மேற்கு நோக்கி விளிம்போரமாகவே ஒரு நடைவழி போகிறது. ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்தால் டிஸ்கவரி பாயின்ட். இந்த நேரத்தில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். விசார்ட் தீவு தலைகீழாக நீருக்குள் நிற்கும். நிழல் எது, தீவு எது என்று பிரிக்கும் கோடு மட்டும் மெல்லிய இழையாகத் தெரியும். காலை ஏற ஏறக் காற்று எழும். முதல் சிற்றலை வந்ததும் அந்தக் கண்ணாடி உடைந்துபோகும். அன்றைக்கு மறுபடி கிடைக்காது.

நீலத்தை இப்போது எதிர்பார்க்காதீர்கள். வெயில் சரிவாக விழுவதால் நீர்ப்பரப்பு வானத்தைத்தான் காட்டும்.

வலஞ்சுழியாகச் சுற்றுங்கள்

ஏரி எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி காரை ஓட்டுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதுதான் முறை என்பதால் காட்சிமுனைகளுக்கு எதிர்வண்டியைக் குறுக்கே கடக்காமல் ஒதுங்கலாம். ஓரிரு இடங்களில் மட்டும் நின்று போனால்கூட இரண்டு மணி நேரம் பிடிக்கும். நின்று நின்று போனால் ஐந்து, ஆறு மணி நேரம்.

முதல் நீண்ட நிறுத்தம் வாட்ச்மேன் முனை. விசார்ட் தீவு இங்கிருந்துதான் மிக அருகில். பெரிய வெடிப்புக்குப் பிறகு, பள்ளத்தின் அடியில் மீண்டும் எரிமலை கக்கிக் குவித்த தணல்கல் கூம்பு அது. நீருக்கு மேல் தெரிவது 230 மீட்டர் உயரமுள்ள நுனி மட்டும். உச்சியில் கிண்ணம்போல ஒரு குழி இருப்பதைக் கவனியுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் உண்மையான எரிமலை வாய் அதுதான். தீவின் ஓரத்தில் ஆழம் குறைந்த இடங்களில் நீர் மயில்கழுத்துப் பச்சையாகத் தெரியும். நீலம் ஆழத்தால் வருகிறது என்பதற்கு அதைவிடக் கண்கண்ட சாட்சி வேண்டாம்.

ஜூன், ஜூலையில் நீரின்மேல் மஞ்சள் கோடுகள் மிதந்தால் கழிவோ எண்ணெயோ என்று கலங்க வேண்டாம். பைன் மரங்களின் மகரந்தம் அது.

வட கரைக்குப் போனதும் இறங்கித் தெற்கே எதிர்ச்சுவரைப் பாருங்கள். விளிம்பில் ‘U’ வடிவத்தில் இரண்டு பள்ளங்கள் தெரியும்: சன் நாட்ச், கெர் நாட்ச். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் அவை. பனியாறு உருவாக மேலே உயரமான சிகரம் வேண்டும். இங்கேயோ பள்ளத்தாக்குக்கு மேலே வெறும் வானம். தலை வெட்டப்பட்ட பள்ளத்தாக்குகள் என்றே சொல்லலாம். ஒரு மலை காணாமல்போனதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வடமேற்கில் சிறகு விரித்த பறவைபோல நிற்கும் லாவோ பாறையையும் தவறவிடாதீர்கள். பெரிய வெடிப்புக்குச் சற்று முன்பு வழிந்த, 350 மீட்டருக்கு மேல் தடிமனுள்ள எரிமலைக்குழம்பு அது.

அடுத்து கிளவுட்கேப். ஓரிகனிலேயே மிக உயரமான தார்ச்சாலை வந்து முடியும் இடம், சுமார் 2,400 மீட்டர். காற்றில் முறுகி, மேற்குப் பக்கம் கிளையே இல்லாமல் நிற்கும் வெண்பட்டைப் பைன்களைத் தொட்டுப் பார்க்கலாம். மரப்பட்டை வண்டும் ஒரு வெளிநாட்டுப் பூஞ்சையும் சேர்ந்து இவற்றை அழித்துவருகின்றன. பட்டை உரிந்து வெளுத்த எலும்பாக நிற்பவை அப்படி இறந்தவை. இவற்றின் விதையைச் சுமந்துபோய் மண்ணில் புதைத்து வைப்பது கிளார்க் நட்கிராக்கர் என்ற சாம்பல்நிறப் பறவை. அது மறந்துவிட்ட விதைகளிலிருந்துதான் புது மரம் வருகிறது. அதனால்தான் அதற்குத் தீனி போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். சிப்ஸ் கிடைக்கும் இடத்தில் அது விதை தேடாது.

ஏரி முழுவதும் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்றால் அருகிலிருக்கும் மவுண்ட் ஸ்காட் ஏற வேண்டும். உயரம் 2,721 மீட்டர். ஒருவழி மூன்றரை கிலோமீட்டர், ஏற்றம் 380 மீட்டர், போய்வர மூன்று மணி நேரம். ஏரிக்குக் கிழக்கே நிற்கும் மலை இது. காலையில் ஏறினால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். பிற்பகலில் ஏறினால் எதிர்வெயில், நீர் வெள்ளித்தகடாகிவிடும். இதை முடிவு செய்தால் விடியல் முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுங்கள்.

கெர் நாட்ச் பக்கம் ஃபாண்டம் ஷிப் தெரியும்: பாய்மரக் கப்பலின் வடிவில் நீரில் நிற்கும் பாறைத்தீவு. ஏரியைச் சுற்றி வெளித்தெரியும் பாறைகளில் இதுதான் மூத்தது, சுமார் 4 லட்சம் ஆண்டுகள். மேலிருந்து பொம்மையாகத் தெரிந்தாலும் பதினைந்து மாடிக் கட்டடம் அளவு உயரம் அது. மேற்கு நோக்கிப் பார்க்கும் இடம் என்பதால் நண்பகலுக்குள் வந்துவிடுங்கள்.

இங்கிருந்து பிரியும் 10 கிலோமீட்டர் கிளைச்சாலையின் முடிவில் பின்னக்கிள்ஸ். சூடான சாம்பல் படுகையைத் துளைத்து வாயு வெளியேறிய வழிகளில் சாம்பல் இறுகிப்போனது. பின்னர் ஓடை அரித்ததில் மென்சாம்பல் கரைந்து, இறுகிய குழாய்கள் கூர்முனைக் கம்பங்களாக நிற்கின்றன. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாங்களோ வேறு எதை விட்டாலும் இதை விட மாட்டோம்.

நீலத்துக்கான நேரம்

உச்சியில் வெயில், முதுகுக்குப் பின்னால் சூரியன், காலடியில் உயரம். இந்த மூன்றும் கூடினால் வானத்தின் பிரதிபலிப்பு குறையும், ஆழத்திலிருந்து வரும் நீலம் மேலெழும். காலை பத்தரையிலிருந்து பிற்பகல் மூன்றுவரை, ஏரியின் தெற்கு விளிம்பில் நின்று வடக்கே பார்ப்பது சிறந்தது.

அதற்கு ஏற்ற இடம் கார்ஃபீல்ட் சிகரம். லாட்ஜுக்குக் கிழக்கே நடைவழி தொடங்குகிறது. ஒருவழி கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 310 மீட்டர். பாதை வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு திருப்பத்திலும் நீர் இன்னும் கீழே போய், நிறம் இன்னும் அடர்ந்துகொண்டே வரும். ஜூலையிலும் மேல்பகுதியில் பனித்திட்டு இருக்கக்கூடும். பாதையை மறைத்துச் சரிவாகக் கிடக்கும் பனியில் சாதாரண ஷூவோடு கால் வைக்காதீர்கள். வழுக்கினால் நிறுத்த எதுவும் இல்லை. திரும்பிவிடுங்கள்.

படம் எடுக்கிறவர்களுக்கு: போலரைசர் ஃபில்டர் மேற்பரப்புப் பளபளப்பைக் குறைக்கும். ஆனால் முழுதும் திருகினால் நீர் கறுத்துப்போகும், அகன்ற லென்ஸில் வானம் பாதி இருண்டு பாதி வெளுத்துத் தெரியும். பாதி திருகினாலே போதும். பனி அதிகமுள்ள காட்சியில் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். வெளிச்சத்தை முக்கால் படி கூட்டி வையுங்கள். பிற்பாடு நிறத்தை ஏற்றாதீர்கள். இந்த நீலம் ஏற்கெனவே நம்ப முடியாததாக இருக்கிறது; கொஞ்சம் கூட்டினாலும் பொய்யாகிவிடும்.

நீரைத் தொட

விளிம்பிலிருந்து நீருக்கு இறங்க அனுமதியுள்ள ஒரே வழி வடகரையில் க்ளீட்வுட் கோவ். 1886இல் ஏரியின் ஆழத்தை அளக்க வந்த கிளாரன்ஸ் டட்டன் குழுவின் படகுதான் ‘க்ளீட்வுட்’. பியானோ கம்பியில் ஈயக்குழாயைக் கட்டி 168 இடங்களில் இறக்கினார்கள். அவர்கள் கண்ட உச்ச ஆழம் 608 மீட்டர். இன்றைய ஒலியலைக் கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் 16 மீட்டர்தான்.

பழுதுபார்ப்புக்காக 2026 முதல் சில ஆண்டுகள் இந்த வழியை மூடுவதாகப் பூங்கா அறிவித்திருக்கிறது. படகுப் பயணத்துக்கும் இதே வழிதான். மறுபடி திறந்ததா என்று பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். திறந்திருக்கும்போது: ஒருவழி 1.8 கிலோமீட்டர், இறக்கம் 210 மீட்டர். இறங்குவது இருபது நிமிடம். ஏறுவது முக்கால் மணி நேரம். முழங்கால் வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் இறங்கக் கூடாது. கோடையிலும் நீர் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குதித்த நொடியில் மூச்சு அடைக்கும். வெளியிலிருந்து உயிரினம் எதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதால் சொந்தப் படகு, மிதவை, நீச்சல் கண்ணாடிக் கவசம் எதற்கும் அனுமதி இல்லை. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மீன்களுக்குத் தீனியாக 1915இல் விடப்பட்ட நன்னீர்க் கல்லிறால் பெருகி, உலகில் வேறெங்கும் இல்லாத மசாமா நியூட் என்ற நீர்ப்பல்லியைத் தின்று தீர்க்கிறது.

அந்த ஒரு வழியைத் தவிர வேறெங்கும் சுவரில் இறங்க முயலாதீர்கள். இங்குள்ள கல் உறுதியாகத் தெரியும், ஆனால் உறுதி இல்லை. எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த சரிவு காலடியில் அப்படியே உதிரும். படம் எடுக்கப் பின்னால் நகரும்போதுதான் ஆபத்து அதிகம். பனிக்காலத்தில் விளிம்பைத் தாண்டிப் பனி கூரைபோல நீண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அடியில் வெறும் காற்று என்பது தெரியாது. மரம் நிற்கும் கோட்டுக்கு உள்ளேயே இருங்கள்.

ஏரி முழுவதும் கிளமத் பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. அவர்கள் வைத்த பெயர் கீவாஸ். அவர்களின் முன்னோர் மலை சரிந்ததைப் பார்த்தவர்கள். அந்த நினைவு லாவோ, ஸ்கெல் என்ற இரு தலைவர்களின் போராக அவர்கள் கதையில் வாழ்கிறது. கல், நுரைக்கல், பைன்காய் எதையும் பையில் போடாதீர்கள், ட்ரோனும் கூடாது.

மாலை, வாட்ச்மேன் உச்சி

சூரியன் மறைய ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது வாட்ச்மேன் வாகன நிறுத்தத்துக்கு மீண்டும் வாருங்கள். ஜூலையில் மறைவு எட்டரை மணியைத் தாண்டும். ஒருவழி 1.3 கிலோமீட்டர், ஏற்றம் 130 மீட்டர், குழந்தைகளும் ஏறுவார்கள். கூட்டம் மேற்கே சூரியனைப் பார்த்து நிற்கும். நீங்கள் திரும்பிக் கிழக்கே பாருங்கள். மேற்கு விளிம்பின் நிழல் நீரின்மேல் மெல்ல நகர்ந்து விசார்ட் தீவை விழுங்கும். அதே நேரம் எதிர்ச்சுவர் செம்பு நிறத்தில் எரியும். இறங்கும்போது இருட்டிவிடும், தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று வேண்டும்.

பைனாகுலர் இருந்தால், வெளிச்சம் போவதற்குள் நீர்ப்பரப்பில் வெள்ளையாக, நேர்குத்தாக மிதக்கும் ஒரு கட்டையைத் தேடுங்கள். ‘ஏரியின் கிழவர்’ என்று பெயர். 9 மீட்டர் நீள மரம், 1.2 மீட்டர் மட்டும் வெளியே தெரியும். 1896இலிருந்து பதிவில் இருக்கிறது. 1938 கோடையில் கண்காணித்தபோது மூன்று மாதங்களில் 100 கிலோமீட்டர் அலைந்திருந்தது. நேற்று வடக்கே கண்டவர்கள் சொன்ன இடத்தில் இன்று இருக்காது. தெற்கிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.